கஜனிக்குத் தோழி நின்றவள்

யோகராணியைத் தெரியாத ஆட்கள் அந்த நாளில் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்திருக்க மாட்டார்கள். லிஃப்ற் நின்றுபோனால் கட்டடம் பார்க்கிற சூப்பரிடம் போய்க் கதவைத் தட்டுகிறவள் அவள்தான். புதிதாக வந்து இறங்கின குடும்பத்துக்கு எங்கேயோ தேடி ஒரு மெத்தை கொண்டுவந்து போடுகிறவளும் அவள்தான். சிரித்தாளென்றால் பக்கத்துக் கட்டடத்துக்குக் கேட்கும். கோபம் வந்தால் மட்டும் சத்தமே வராது. அவளிடம் பயப்பட வேண்டிய இடம் அதுதான்.

அவளுக்கும் கஜனிக்கும் சொந்தம் தேடிப் பார்த்தால் ஒரு கிளையிலும் முட்டாது. இவள் தாய்வழியும் தகப்பன்வழியும் அளவெட்டி. கஜனி ஆட்கள் கரவெட்டி. நடுவிலே ஒரு பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை. ஆனால் தொண்ணூறாம் ஆண்டு பனிக்காலத்தில் இரண்டு குடும்பமும் ஒரே கிழமையில் வந்து ஒரே மாடியில் குடியேறின. இரண்டு பெட்டைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரு வாங்கில் இருந்து இங்கிலிஸ் படித்தார்கள். பிறகு ஒரே மஃபின் பக்டரியில் ஒரே லைனில் நின்றார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு பேருக்கும் ஒரு பெட்டிதான். ஒருநாள் இவள் வீட்டுப் புட்டு, மறுநாள் அவள் வீட்டு இடியப்பம். பக்டரியில் இருந்த வெள்ளைக்காரப் பெண்கள் இவர்களை அக்கா தங்கச்சி என்றுதான் நினைத்திருந்தார்கள். யோகராணி அதைத் திருத்தவும் இல்லை.

தொண்ணூற்றைந்தில் கஜனியின் தகப்பன் ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம் பெரிய அப்பாட்மென்ற் ஒன்று எடுத்துக்கொண்டு போனார். அங்கே பக்கத்து வீட்டில் பாலேஸ்வரி என்று ஒரு பிள்ளை, தமையன் குடும்பத்தோடு இருந்தாள். இவர்களைவிட ஒரு வயது குறைவு. மெலிந்த, மெதுவாகக் கதைக்கிற பிள்ளை. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லாத பிள்ளை. யோகராணிக்கு அதுதான் பெரிய தொல்லையாகப் போயிற்று. குற்றம் இருந்தாலாவது சொல்லி ஆறியிருக்கலாம்.

முதலில் அவள் ஒன்றும் காட்டவில்லை. கஜனி பக்டரியில் நின்று, "பாலேஸ் அப்பிடிச் சொன்னவள், பாலேஸோடை கடைக்குப் போனனான்" என்று சொல்லும்போதெல்லாம் இவள் மஃபின் தட்டுகளைக் கொஞ்சம் பலமாக அடுக்குவாள், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் மத்தியானம் தன் பையிலிருந்து தனிப் பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்தாள். கஜனி ஏன் என்று கேட்டாள். தாய் ஏதோ மருந்துச் சாப்பாடு கட்டித் தந்துவிட்டா என்றாள் இவள். பெட்டிக்குள் இருந்தது கோழிக்கறி. மருந்துக்குக் கோழிக்கறி சாப்பிட்ட பெண் ரொறன்ரோவில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதோடு, "நீ வா, நீ போ" என்று கதைத்தவள், "நீங்கள் சாப்பிடுங்கோ, நீங்கள் போங்கோ" என்று தொடங்கினாள். மரியாதை கூடக்கூடக் கஜனி தான் விட்ட பிழை என்னவென்று தேடுவாள். மூன்று நாள் அப்படி நடக்கும், பிறகு இவளே ஏதோ சொல்லிச் சிரித்துவிடுவாள், எல்லாம் பழையபடி ஆகும். ஆனால் உள்ளுக்குள் அது அணையவில்லை.

அப்படி இருக்கும்போது கஜனிக்குக் கலியாணம் பேசிவந்தது. மாப்பிள்ளை கிருபன், மிசிசாகாவில் இருந்துகொண்டு விமான நிலையத்தில் வேலை. தாய் தகப்பன் இல்லை. தம்பி ராகுலனோடும் தாய்மாமன் பொன்னம்பலத்தாரோடும் இருந்தான். கிருபனுக்கும் ராகுலனுக்கும் நடுவில் ஒரு பெண் சகோதரம் உண்டு. அவள் கொழும்பில் விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தாள், கலியாணத்துக்கு வர வழியில்லை.

இங்கேதான் சோலி தொடங்கினது. எங்கள் கலியாணத்தில் தோழி என்றால் சும்மா பக்கத்தில் நின்று படத்துக்குச் சிரிக்கிற ஆள் இல்லை. மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழி. மாப்பிள்ளை வீட்டாரோடு கூறைத்தட்டை ஏந்தி வந்து, அந்தக் கூறையைப் பொம்பிளைக்கு உடுத்தி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவருகிறவள் அவள். சகோதரி இல்லாவிட்டால் அந்த முறைக்கு ஒருத்தி நிற்கவேண்டும். கனடாவில் அந்த நாட்களில் எந்தக் கலியாணத்தைப் பார்த்தாலும் ஏதோ ஒரு முறைக்கு ஆள் இல்லாமல்தான் இருக்கும். மாமன் நிற்கவேண்டிய இடத்தில் பக்டரிச் சிநேகிதன் நின்றான். பெரியதாய் நிற்கவேண்டிய இடத்தில் மேல்மாடி அன்ரி நின்றா. ஆனால் நின்றால் நின்றதுதான். அன்று தொடக்கம் அந்த முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

தோழிக்குத் தன்னைத்தான் கேட்பார்கள் என்பதில் யோகராணிக்கு மயிர் அளவு சந்தேகமும் இருக்கவில்லை. மாம்பழ நிறத்தில் பட்டுச் சேலை எடுத்து, சட்டையும் தைத்து, இரண்டு தரம் உடுத்துப் பார்த்து வைத்திருந்தாள்.

கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்க, நல்லநாள் பார்த்துப் பலகாரம் சுட்டார்கள். கஜனி வீட்டுக் குசினியில் பெண்கள் நிறைந்துபோய் இருந்தார்கள். ஒருபக்கம் பயித்தம் பணியாரம், ஒருபக்கம் அரியதரம், நடுவில் முறுக்கு உரலோடு யோகராணி. அடுப்பில் தாச்சி நிறைய எண்ணெய் கொதிக்கிறது. ஜன்னல் எல்லாம் திறந்தும் புகை நின்றபடி நிற்கிறது. சிரிப்பும் கொட்டமுமாக வீடு கலகலத்தது. பாலேஸ்வரியும் ஒரு மூலையில் இருந்து பயறு மாவைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பொன்னம்பலத்தாரின் ரெலிபோன் வந்தது. எங்கடை பக்கத்தில் வயதுக்கேற்ற ஆள் இல்லை, தோழிக்கு ஆரை ஒழுங்கு பண்ணியிருக்கிறியள் என்று அவர் கேட்டார். கஜனியின் தாய் தாச்சியை விட்டுக் கண்ணை எடுக்காமல், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, எங்கடை பக்கத்து வீட்டுப் பிள்ளை பாலேஸ்வரி அண்ணை என்று மறுமொழி சொன்னா.

யோகராணி கையிலிருந்த உரலைக் கீழே வைத்தாள். குழாயடியில் போய் விரல் விரலாகக் கழுவினாள். துவாயில் துடைத்தாள். சப்பாத்தைப் போட்டாள். கதவைத் திறந்துகொண்டு போனவள் அதைச் சாத்தாமலே போய்விட்டாள்.

புகைக்கு வழி கிடைத்தது. அறைக்குள் சுழன்றுகொண்டிருந்த புகை எல்லாம் ஒழுங்கைபோல நீண்டு கிடந்த ஹோல்வேக்குள் பாய்ந்தது. அங்கே கூரையில் இருந்த மெசின் அதைக் கண்டுவிட்டு அலறத் தொடங்கினது. ஒரு வீட்டில் இல்லை, கட்டடம் முழுக்க. கஜனியின் தாய் அடுப்பை நூர்த்தா. லிஃப்ற் நின்றுவிட்டது. மேல்மாடியில் இருந்து கீழ்மாடி வரை இருந்த சனம் எல்லாம் படியால் இறங்கினது. சீனக் கிழவர் ஒருவர் பூனையோடு, ஜமேய்க்காக் குடும்பம் ஒன்று தொட்டில் பிள்ளையோடு, எங்கள் பெண்கள் முழங்கை வரை மாவோடு. ஒரு அன்ரி அரியதரத் தட்டை விட்டுவிட்டு வர மனமில்லாமல் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தா. இரண்டு தீயணைப்பு வண்டி சத்தம் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

யோகராணி அதற்குள் பஸ் தரிப்புக்குப் பாதி வழி போயிருந்தாள். பின்னால் ஓடிவந்த கஜனி புல்லிலே வைத்து அவள் கையைப் பிடித்தாள். கன்னத்தில் மா, காலில் செருப்பு இல்லை.

"எங்கை போறாய்?"

"வீட்டை. நீங்கள் போங்கோ. பாலேஸ்வரி தேடப்போறா."

"நீங்கள் எண்டு சொல்லாதை. ஏசு. அடி. நீங்கள் எண்டு மட்டும் சொல்லாதை."

அதோடு யோகராணிக்குப் பொறுக்க முடியாமல் போயிற்று. "எனக்கு எரியுதடி," என்றாள். "அவள் வந்து ரெண்டு பனி பார்க்கேல்லை. நான் உன்னோடை எத்தினை வருசம் ஒரு பெட்டியிலை திண்டனான். எல்லாரும் இருக்கக்கை அவளின்ரை பேர் கேட்டு எனக்கு வயித்துக்கை பத்தி எரிஞ்சது. இப்பவும் எரியுது."

கோடாலியோடு ஒரு தீயணைப்புக்காரன் அவர்களைத் தாண்டி ஓடினான். கஜனி அவன் போகும்வரை பார்த்து நின்றாள்.

"ஓம். அவளைத்தான் கேட்டனான்," என்றாள். "உன்னைக் கேட்டால் நீ ராகுலனுக்கு அக்காவாப் போடுவாய். உன்னை அவனுக்கு அக்கா ஆக்கச் சொல்லுறியோ?"

யோகராணிக்கு விசயம் விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கஜனி கலியாணம் பேசின நாள் தொடக்கம் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அண்ணனுக்குத் தான், தம்பிக்கு யோகராணி. இரண்டு பேரும் ஒரே வீட்டில் காலம் முழுக்க இருக்கலாம். கொழும்பில் இருக்கிறவள் ராகுலனுக்கு மூத்தவள். அவள் இடத்தில் தோழி நிற்கிறவள் அவனுக்கு அக்கா முறை. பிறகு அந்தக் கதைக்கே இடமில்லை. அதற்காகத்தான் தேடிப்பிடித்து வேறு ஒருத்தியைக் கேட்டது.

இதை ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை என்று யோகராணி கேட்டாள். சொல்லியிருந்தால் நீ அவனுக்கு முன்னாலேயே சிரித்துக் காரியத்தைக் கெடுத்திருப்பாய் என்றாள் கஜனி. அது உண்மைதான். யோகராணிக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. என்னைக் கேளாமல் எனக்கு மாப்பிள்ளை பார்த்தது ஆர் என்று ஏசினாள், ஏசிக்கொண்டே சிரித்தாள். "ஆனால் எரியிறது நிக்கேல்லை," என்றாள்.

"நிக்காட்டிப் பரவாயில்லை. மேலை வந்து எரி. மா காயுது."

இவர்கள் திரும்பி வர, வாசலில் நின்ற தீயணைப்புக்காரர் இரண்டு பேர் அரியதரம் கடித்துக்கொண்டிருந்தார்கள். அன்ரி தட்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒன்று எடுக்கச் சொல்லி மல்லுக்கட்டினா.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். அதுவரை யோகராணி ராகுலனை ஒரு மனிசனாகவே கவனித்ததில்லை. கஜனி சொன்ன பிறகு கண் தானாகவே போயிற்று. இவளைவிட இரண்டு வயது கூடின பெடியன். தாய்மாமன் பொன்னம்பலத்தார் செருமிச் செருமிக் கதைக்கிறதை அப்படியே செய்துகாட்டுவான். கலியாண அலுவலாக இவளை இரண்டு மூன்று முறை காரில் கொண்டுவந்து சென் ஜேம்ஸ் ரவுணில் இறக்கிவிட்டான். "யோகா" என்று கூப்பிட்டான். ஒருநாள் வாசலில் கார் நின்ற பிறகும் கன நேரம் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கதை ஒன்றும் இல்லை, பக்டரியில் முறிந்துபோன மெசின் ஒன்றைப் பற்றித்தான். ஆனால் மேலே ஏறிப்போய்க் கண்ணாடி பார்த்தபோது யோகராணிக்குத் தன் முகம் வேறு மாதிரித் தெரிந்தது.

கலியாணம் ஆவணி மாதம், ஸ்காபரோவில் ஒரு மண்டபம். மேளம் கசெற்றில் போகிறது. சனம் வந்து நிறைகிறது. பின்னறையில் கஜனி தலைக்குப் பூ வைத்து முடித்து, கூறைக்குக் காத்துக்கொண்டிருந்தாள். வெளியே மாப்பிள்ளை பகுதி வந்து இறங்கிவிட்டது. கூறைத்தட்டும் வந்துவிட்டது. ஏந்துகிறதற்குத் தோழியைக் காணவில்லை. பொன்னம்பலத்தார் செருமிச் செருமிக் கைமணிக்கூட்டைப் பார்த்தார். பாலேஸ்வரி எங்கே என்று பார்த்துவரச் சொல்லி யோகராணியை அனுப்பினார்கள்.

அவள் கார்கள் நிற்கிற இடத்தின் கடைசியில், கம்பிவேலி ஓரமாக நின்றாள். ரக்சியில் வந்து இறங்கியிருக்கிறாள். நீலப்பட்டு, தலை நிறையப் பூ, கண்ணில் கரைந்த மை. அழுகிறாள், அதற்குள்ளே சிரிக்கவும் செய்கிறாள்.

கிட்ட வரவேண்டாம் என்று கையைக் காட்டினாள். "அண்ணைக்குப் பிள்ளை பிறந்திட்டுது அக்கா. விடியத்தான். இன்னும் மூண்டு கிழமை இருக்கெண்டு சொன்னவை. ஆம்பிளைப் பிள்ளை. எனக்கு மருமகன்."

யோகராணிக்கு உடனே விளங்கிவிட்டது. தமையனுக்குப் பிள்ளை பிறந்தால் கலியாணம் கட்டாத தங்கச்சிக்கும் துடக்கு, தீட்டுத்தான். முப்பத்தோராம் நாள் கழியும்வரை நல்ல காரியத்தில் கைவைக்கக் கூடாது. கூறைத்தட்டைத் தொடுகிறது எங்கே.

"ஹோல் ரெலிபோன் நம்பர் என்னட்டை இல்லை. அதுதான் வந்தனான். உள்ளுக்கை வரமாட்டன். கஜனி அக்காவுக்குச் சொல்லிவிடுங்கோ." பிறகு சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றினாள். "எனக்கு நிக்க எவ்வளவு ஆசை தெரியுமே. இஞ்சை எனக்கு வேறை ஆர் இருக்கினம்."

யோகராணிக்குச் சொல்ல ஒரு சொல் நாக்கு நுனிக்கு வந்தது. உமக்கும் எனக்கும்தான் தெரியும், ஆஸ்பத்திரிச் சங்கதி பின்னேரம் வந்ததாகச் சொல்லலாம், வாரும் உள்ளே. அப்படிச் சொன்னால் பாலேஸ்வரி தோழி நிற்பாள். ராகுலன் ராகுலனாகவே இருப்பான். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவராது. ஆனால் நாளைக்குக் கஜனிக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், ஒரு பிள்ளை தங்காமல் போனாலும், இந்த மெலிந்த பெட்டை தன்னால்தான் என்று வாழ்நாள் முழுக்கச் சாவாள். தானும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் அதை நினைக்கவேண்டும். தனக்குத் துடக்கில் பாதி நம்பிக்கைதான். கஜனிக்கு முழு நம்பிக்கை.

"அழாதை," என்றாள். அதுவரை அவளை நீர் என்று கதைத்தவள், முதல் முறையாக நீ என்றாள். "மருமகன் பிறந்த நாளிலை ஆரும் அழுவினமே. நீ உதிலை நில். போகாதை."

திரும்பி வந்து பொன்னம்பலத்தாருக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டினாள். அவருக்கும் கஜனியின் யோசனை தெரியும். கிருபனுக்கும் தெரியும். வேறு ஆரும் இல்லையோ என்று அவர் இழுத்தார். சித்தி முறை ஒருத்தியின் மகள் இருந்தாள், எட்டு வயது. இன்னொருத்தி கலியாணம் கட்டி வயிற்றில் பிள்ளையோடு. அய்யர் நேரம் போகுது என்று கூப்பிட்டார். கிருபனுக்குப் பக்கத்தில் கமெராவோடு நின்ற ராகுலன் இவள் முகத்தைப் பார்த்தான், பிறகு கமெராவைப் பார்த்தான். தட்டு கைக்கு வந்தது. நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது.

பின்னறைக்குள் அவள் தட்டோடு நுழைய, கஜனி கதிரையை விட்டு எழும்பினாள்.

"நீ ஏன் வந்தனி? வெளியாலை போ."

"நான் கிருபனண்ணைக்குத் தங்கச்சி. கூறை உடுத்த வந்தனான். கையைத் தூக்கு."

"விசரி. ராகுலன்?"

"ராகுலன் வேறை ஒருத்தியைக் கட்டலாம். நீ இண்டைக்கு ஒருக்காத்தான் கட்டுவாய். கையைத் தூக்கடி, நேரம் போகுது."

கஜனி அழத் தொடங்கினாள். மை கரையப்போகுது என்று இவள் அதட்டினாள். தமையனுக்குப் பிள்ளை பிறந்து பாலேஸ்வரி துடக்கோடு வெளியே நிற்கிறாள் என்று சொன்னாள். ஆம்பிளைப் பிள்ளை என்றும் சொன்னாள். கஜனி அழுகையோடு சிரித்தாள். அந்தக் கூறையை உடுத்திவிட்ட நேரத்தில் யோகராணிக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்லி முடியாது. ஆசைப்பட்ட இடம் கைக்கு வந்துவிட்டது. விலை என்னவென்று தெரிந்துதான் எடுத்தாள். அதனால்தானோ என்னவோ, எரிச்சல் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

தாலி ஏறினது. ஆளாளுக்கு அட்சதை எறிந்தார்கள். ராகுலன் மணவறைக்கு முன்னால் வந்து குந்திக்கொண்டு, கமெராவைக் கண்ணில் வைத்தபடி சொன்னான்:

"அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கோ."

யோகராணிக்கு ஒரு கணம் நெஞ்சில் ஊசி குத்தினதுபோல இருந்தது. அடுத்த கணம் அவன் கமெராவுக்குப் பின்னால் பொன்னம்பலத்தார் மாதிரிச் செருமினான். இவள் சிரித்த சிரிப்பு அந்தப் படத்தில் அப்படியே விழுந்திருக்கிறது. பொம்பிளை மாப்பிள்ளையைவிடத் தோழியின் பல்தான் அதில் கூடத் தெரியும்.

பந்தி நடக்கும்போது அவளுக்கு வேலிக்கரையின் நினைவு வந்தது. பாலேஸ்வரி போகாமல் அங்கேதான் நின்றாள். யோகராணி சோறு கறி எல்லாம் கட்டி, ராகுலனைக் கூப்பிட்டாள். அக்கா ஆனபிறகு செய்த முதல் வேலை கட்டளை போட்டதுதான். தம்பி, இந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடு, தமையனும் பெண்சாதியும் விடியத்தொடக்கம் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டினம் என்றாள். தன்னைவிட மூத்த பெடியனைத் தம்பி என்று கூப்பிட அவளுக்குக் கொஞ்சமும் கூச்சம் இருக்கவில்லை. அவனும் நல்ல பிள்ளையாகப் போனான். போனவன் திரும்பி வரக் கன நேரம் எடுத்தது.

தொண்ணூற்றெட்டில் ராகுலனுக்கும் பாலேஸ்வரிக்கும் கலியாணம். பாலேஸ்வரி அன்றைக்குத் தோழி நின்றிருந்தால் அவனுக்கு அக்கா. நிற்காதபடியால் பெண்சாதி. சங்கதி வெளியே வந்தபோது யோகராணி ஒரு கிழமை பக்டரியில் ஆரோடும் கதைக்கவில்லை. கஜனி இருக்கிற வீட்டில், கஜனிக்குப் பக்கத்தில், தனக்கென்று போட்ட கணக்கில் போய் இருக்கப்போகிறவள் அவள்தானே. எரியவில்லை என்று சொன்னால் பொய். ஒரு கிழமை முடிய, பாலேஸ்வரிக்கு ரெலிபோன் எடுத்தாள். "எனக்குக் கொஞ்சம் பொறாமையா இருக்கு. ரெண்டு நாளிலை போயிடும். உனக்கு ஆர் கூறை உடுத்திறது? நான்தான் அந்த வீட்டுப் பெண் சகோதரம்," என்றாள். கொழும்பில் இருந்தவளுக்கு அப்போதும் விசா வரவில்லை.

அதே மண்டபம், அதே பின்னறை. யோகராணி பாலேஸ்வரிக்குக் கூறையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன வழியில் ராகுலன் மூன்று முறை பாதை மாறிப்போன கதையைப் பாலேஸ்வரி சொன்னாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது கஜனி, ஒன்றரை வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். என்ன சிரிப்பு என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றாள் பாலேஸ்வரி. கஜனி நேராக இருந்த மாலைகளை எடுத்து இன்னும் நேராக வைத்தாள். பிறகு அதே மாலைகளை மறுபடியும் எடுத்தாள்.

யோகராணி அவள் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகு அவளுக்கு நன்றாகத் தெரியும். மஃபின் தட்டுகளைப் பலமாக அடுக்கின நாட்களில் அது தன்னுடைய முதுகு.

வாயில் இருந்த ஊசிகளை எடுத்துக் கஜனியின் உள்ளங்கையில் வைத்தாள். கொய்யக மடிப்புத் தனக்குச் சரிவரவில்லை, நீ வந்து பிடி, நான் பிள்ளையை வைத்திருக்கிறன் என்றாள். கஜனிக்கு அது பொய்யென்று தெரியும். தன் கலியாணத்தில் அந்தக் கை எப்படி மடித்தது என்று அவளுக்குத் தெரியாதா. ஆனாலும் முழங்காலில் இருந்தாள். பாலேஸ்வரியின் கொய்யகத்தை அவிழ்த்து, முதலில் இருந்து மடித்தாள்.

"ராகுலன் பாதை மாறிப்போன கதை உனக்குச் சொல்லேல்லையோ இவள்?" என்று யோகராணி கேட்டாள். "சொல்லு பாலேஸ். முதலிலை இருந்து சொல்லு. நானும் திரும்பக் கேக்கிறன்."

பாலேஸ்வரி முதலில் இருந்து தொடங்கினாள். யோகராணி பிள்ளையைத் தூக்கி, மாமியின்ரை காதைப் பிடிக்காதை என்று அதட்டிக்கொண்டு, அவர்களுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அய்யர் இரண்டு தரம் ஆள் அனுப்பினார். அந்த அறைக்குள் ஒருத்தருக்கும் கேட்கவில்லை.